மாதிரி மூன்று

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். சின்னவள் அதைப் பல்கலைக்கழகத்தின் செலவில் வைத்துக்கொண்டாள்.

அன்று காலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவன் தாடி. பெயர் ஒன்று அவனுக்கும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் வருகைப் பதிவின்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும். படம் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். எழுதுகிற பழக்கம் ஒத்துப்போகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், ஒத்துப்போகாதவர்கள் விலகி நிற்பார்கள். அதில் பதினேழு என்ற புள்ளியின் மேல் கிட்டத்தட்ட ஏறி உட்கார்ந்திருந்தது இன்னொரு புள்ளி. அதன் பெயர் மாதிரி மூன்று. தாடி அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, "ஆள் சிக்கியாச்சு!" என்று எழுதியிருந்தான். கீழே பத்துப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

மாதிரி மூன்று சின்னவளின் அக்கா. சின்னவள் பேருந்தில் நின்றுகொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

கதை இப்படித்தான் தொடங்கியது. சின்னவள் இலக்கியத் துறையில் படிப்பவள். இரண்டாம் ஆண்டில் மேடம் ஒரு பாடம் வைத்திருந்தார்: எழுத்துகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது, நிரல் எழுதி அவற்றைத் தேடுவது, எண்ணுவது, ஒன்றோடொன்று ஒப்பிடுவது. கவிதை படிக்க வந்த பிள்ளைகள் முதல் மாதம் அழுதார்கள். இரண்டாம் மாதம் பாதிப் பேர் வேறு பாடத்துக்கு ஓடினார்கள். சின்னவள் மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் ஊருக்கு வெளியே இருந்த முதியோர் இல்லத்தின் மேல் புகார் கிளம்பியது. இல்லத்தில் இருப்பவர்களைத் தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள், நாற்காலியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள் என்று பேச்சு. ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். அங்கே வேலை செய்கிறவர்களும், வேலையை விட்டுப் போனவர்களும் பெயர் போடாமல் இணையத்தில் எழுதலாம் என்று குழு சொன்னது. நாற்பது வாக்குமூலங்கள் வந்தன. இல்லத்தின் மேலாளர் ஒரே போடாகப் போட்டார்: நாற்பதையும் எழுதியது ஒரே ஆள், வேண்டாதவர் யாரோ ஒருவர் உட்கார்ந்து நாற்பது பேராக நடித்திருக்கிறார் என்று. எல்லாம் தட்டச்சு செய்தவை, கையெழுத்தைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. எழுதியது ஒருவரா, பலரா என்று சொல்ல முடியுமா என்று குழு பல்கலைக்கழகத்தைக் கேட்டது. மேடம் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதிய நிரல்களில் சின்னவளுடையது நன்றாக இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார்.

"பெரிய வார்த்தையை நம்பாதீங்க," என்பார் மேடம். "பெரிய வார்த்தையை ஆள் யோசிச்சுப் போடுவாங்க. சின்ன வார்த்தைதான் தானா விழும்."

அதனால் சின்னவளின் நிரல் பெரிய சொற்களைக் கண்டுகொள்வதில்லை. தான், கூட, ஆவது, என்று, உம் இப்படிப்பட்ட பொடிகளைத்தான் எண்ணும். தமிழில் இவற்றில் பல தனியாக நிற்காது, முன்னால் வரும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டியதை வெட்டிப் பிரிக்கவே அவளுக்கு ஒரு பருவம் முழுக்கப் போனது. பிரித்த பிறகு பார்த்தால், ஒவ்வொருவரும் இந்தப் பொடிகளைத் தூவுகிற அளவு ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தது. மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாத அளவு.

நிரல் சரியாக ஆள் பிரிக்கிறதா என்று பார்க்க, எழுதியவர் யாரென்று தெரிந்த எழுத்துகளையும் மாதிரிகளாகக் கலந்து ஓட்ட வேண்டும். ஆய்வு செய்கிறவர் தன்னுடைய எழுத்தைப் போடக்கூடாது என்பது மேடத்தின் கட்டளை. தெரிந்தவர்கள் ஐந்து பேர் போதும். நான்கு பேரைக் கெஞ்சி வாங்கினாள். ஐந்தாவது ஆளுக்காக அலையச் சோம்பல்பட்டு, தன் செல்பேசியில் இருந்த அக்காவின் செய்திகளை அப்படியே எடுத்துப் போட்டாள். அக்காவிடம் கேட்கவும் இல்லை. பெயர்களை மறைத்து எண்களைக் கலைத்துப் போட்டதில் அக்கா மாதிரி மூன்றானாள்.

அக்காவின் செய்திகள் அதற்கென்றே பிறந்தவை. மற்றவர்கள் பேசுகிற மாதிரி எழுதுவார்கள், அக்கா மனு எழுதுகிற மாதிரி எழுதுவாள். 'இன்று வர நேரமாகும். அடுப்பையாவது துடைத்து வை. நேற்றும் அப்படியே விட்டாய் என்று ஞாபகம்.' கூடவே ஒரு பிழை. என்னமோ என்பதை எப்போதும் மூன்று சுழி போட்டு 'எண்ணமோ' என்றுதான் எழுதுவாள். 'எண்ணமோ தலை வலிக்கிறது' என்று அனுப்புவாள். தலைவலிக்கு என்ன எண்ணம் வேண்டிக் கிடக்கிறது என்று சின்னவள் பல தடவை கிண்டல் செய்திருக்கிறாள்.

அக்கா அந்த இல்லத்தில் நர்ஸ். அது சின்னவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் வாக்குமூலம் எழுதினாயா என்று கேட்டபோது, "எனக்கெதுக்குடி வம்பு? நான் உண்டு, என் வேலை உண்டு," என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னவள் அதை நம்பினாள். இப்போது அவள் எழுதிய நிரலே, நீ நம்பியது பொய் என்று சொல்லிவிட்டது.

பேருந்திலிருந்து இறங்கியதும் ஓரமாக நின்று பதினேழாவது வாக்குமூலத்தைத் திறந்து படித்தாள். எண்ணிக்கைக்காக எத்தனையோ தடவை கையாண்ட கோப்பு, ஒரு தடவையாவது உட்கார்ந்து படித்ததில்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்காத மாத்திரைகள் அலுவலக அறையிலிருந்து வருகின்றன என்று அதில் இருந்தது. ஒரு தளத்துக்கு இரண்டே உதவியாளர்கள் என்றும், அதைச் சமாளிக்கத்தான் இந்த மாத்திரை என்றும் இருந்தது. நடுவில் ஒரு வரி: 'எண்ணமோ எனக்கு முதல் நாளே இது சரியாகப் படவில்லை.'

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஊரே பார்த்திருந்தது. இல்லத்துச் சமையற்காரம்மாதான் எழுதியிருப்பார் என்று மேலாளருக்கு ஒரு சந்தேகம், வெறும் சந்தேகம்தான். அந்தம்மாவை அன்றைக்கே வெளியே அனுப்பினார். வழக்கறிஞர் நோட்டீஸும் பின்னாலேயே போனது. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சமையலறையும் அவரைச் சேர்க்கவில்லை. அக்காவின் கணவர் தொலைதூர லாரி ஓட்டுபவர், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார். அக்காவின் வேலையில்தான் அக்கா மகளும் சின்னவளும் அந்த வீடும் நின்றுகொண்டிருந்தன. நர்ஸ் உரிமத்தில் கைவைத்தால் அக்கா இன்னொரு இடத்தில் ஊசிகூடப் போட முடியாது.

மேடம் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"மாதிரி மூணு யாரும்மா?"

"தெரிஞ்சவங்க, மேடம்."

"அங்க வேலை பாக்கறவங்களா?"

சின்னவள் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தாள். மேடம் கையை உயர்த்தித் தடுத்தார்.

"சொல்லாதே. எனக்கு வேண்டாம். எனக்குத் தெரிஞ்சா, கேக்கும்போது நான் சொல்லித்தான் ஆகணும்."

"அந்த மாதிரியை எடுத்துடலாமா, மேடம்?"

"நேத்தே படத்தைக் குழு, இல்லம் ரெண்டு தரப்புக்கும் அனுப்பிட்டேனே! அதுதான் குழுவோட விதி. இப்ப எடுத்தா எதையோ மறைக்கிறோம்னு ஆயிடும்." மேடம் மேசையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "திங்கக்கிழமை பகல் கூட்டம். மேலாளர் வருவார். நீயும் இருக்கணும், நிரல் உன்னோடது."

சின்னவள் ஆய்வகத்துக்குப் போய் ஒரு மூலைக் கணினியில் உட்கார்ந்தாள். முதலில் அவள் நினைத்தது எழுத்துப் பிழையைத்தான். மூன்று சுழியை இரண்டு சுழியாக்கினால் அக்கா மறைந்துவிடுவாள் என்று நினைத்து, பிழைகளையெல்லாம் திருத்துகிற ஒரு படியை நிரலில் சேர்த்து ஓட்டினாள். புள்ளி இம்மி நகரவில்லை. அக்காவைக் காட்டிக்கொடுத்தது பிழை அல்ல, அந்த ஆவதும் உம்மும். அவற்றை எண்ணிக்கையிலிருந்து நீக்கினாள். கொஞ்சம் விலகியது. 'என்று' என்பதையும் நீக்கினாள். இன்னும் கொஞ்சம். நீக்கிக்கொண்டே போய், அக்காவும் பதினேழும் ஒருவழியாகப் பிரிந்தபோது அவளுக்கு மூச்சு வந்தது. பிறகுதான் படம் முழுவதையும் பார்த்தாள். நாற்பது புள்ளிகளும் ஈ மொய்த்த மாதிரி ஒரே இடத்தில் குவிந்துகிடந்தன. அந்தப் படத்தைப் பார்க்கிற யாரும் நாற்பதையும் எழுதியது ஒருவர்தான் என்று சொல்லிவிடுவார்கள். மேலாளர் சொன்னதும் அதுதானே!

இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் பொருள் எழுதியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அந்த எறும்பு என்ன பாடு பட்டிருக்கும் என்று புரிந்தது. நிரல் நன்றாக இருந்தால் அக்கா மாட்டுவாள். நிரலைக் கெடுத்தால் நாற்பது பேரும் பொய்யர்கள் ஆவார்கள், இல்லத்துக் கிழவர்கள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள்.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்து அறையில் வீட்டுப்பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், தன் சோம்பல் உட்பட. அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. மகளின் பாவாடையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அழிச்சிடுடி," என்றாள் மெதுவாக.

"எல்லாருக்கும் போயிடுச்சுக்கா."

"யாரோடதுன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லு."

"நான்தானே கொடுத்தேன், எப்படித் தெரியாம இருக்கும்?"

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அக்கா கையிலிருந்த பாவாடையைக் கீழே வைத்தாள். "பேர் வேண்டாம்னு சொன்னதாலதான் எழுதினேன். உன்கிட்டகூடச் சொல்லல. நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. நான் வாயைக் கட்டித்தானே வச்சிருந்தேன்!"

சின்னவளுக்கு அழுகை வந்தது. "நிரலைக் கெடுத்துட்டா நீ தப்பிச்சுடுவே," என்றாள். அப்படிச் செய்தால் நாற்பதும் ஒன்றாகிவிடும் என்பதையும் சொன்னாள்.

அக்கா மடித்த துணிகளை அடுக்கினாள். பக்கத்து அறையில் படிக்கிற சத்தம் நின்றதும், "படி!" என்று அங்கே ஓர் அதட்டல் போட்டாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள்.

"அதைக் கெடுக்காதே. மத்தவங்களும் என்னை மாதிரி பயந்து பயந்துதான் எழுதியிருப்பாங்க." பக்கத்து அறைக் கதவைப் பார்த்தாள். "ஆனா என் பேரைச் சொல்லிடாதேடி. கும்பிட்டுக் கேக்கறேன்."

அக்கா யாரிடமும் கும்பிட்டுக் கேட்டு சின்னவள் பார்த்ததில்லை. ஞாயிறு முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. போன விடுமுறையில் சின்னவளே அந்த இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்திருந்தாள். ஏற்பாடு செய்தது அக்கா. உறவினர்களைச் சேர்க்கக் கூடாது என்று அங்கே விதி, அதனால் வாசலிலேயே அக்கா எச்சரித்தாள்: "உள்ளே நான் உனக்கு சிஸ்டர், ஞாபகம் வச்சுக்கோ. அக்கான்னு கூப்பிட்டுத் தொலைக்காதே." எல்லா நர்ஸையும் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால் அந்தச் சொல்லுக்குள் இருவரும் சௌகரியமாக ஒளிந்துகொண்டார்கள். அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆக, மாதிரி மூன்றும் நான், பதினேழும் நான் என்று சின்னவள் சொன்னால் தீர்ந்தது. நிரலும் பிழைக்கும், அக்காவும் பிழைப்பாள்.

திங்கள் பகல், துறையின் கூட்ட அறை. நீள மேசையின் தலைப்பில் விசாரணை அதிகாரி, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், காது கொஞ்சம் மந்தம். ஒரு பக்கம் மேலாளர். எதிரில் மேடமும் சின்னவளும். மேலாளர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் மிருதுவான குரலுமாக இருந்தார். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் சின்னவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மேடம் படத்தைச் சுவரில் காட்டி விளக்கினார். இது ஒருவர் எழுதியதாக இருக்க வழியே இல்லை, நாற்பது வேறு வேறு கைகள் தெரிகின்றன என்று முடித்தார். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த தாளைத் தட்டினார்.

"நல்லா இருக்கு. எனக்கு ஒரு சந்தேகம்தான். இந்த மாதிரி மூணு, பதினேழோட ஒட்டிக்கிட்டு இருக்கே. ரெண்டும் ஒரே ஆளா?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல," என்றார் மேடம்.

"அப்ப இப்படி வச்சுக்குவோம். ரெண்டும் ஒரே ஆள்னா, அது யாருன்னு சொல்லுங்க. வேற வேற ஆள்னா, உங்க நிரல் தப்பு. தப்பான நிரலை வச்சு நாப்பது பேர்னு எப்படிச் சொல்றீங்க?"

அதிகாரி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "அந்த மூணாம் நம்பரை யார் கொடுத்தது?" என்று கேட்டார்.

சின்னவள் எழுந்தாள். "என்னோடதுதான் சார். விதிப்படி போடக்கூடாது, போட்டுட்டேன். பதினேழும் நான் எழுதினதுதான். போன லீவுல அங்க வேலை பார்த்தேன்."

மேடம் சட்டென்று திரும்பிப் பார்த்தார். மேலாளர் முகம் மாறவில்லை, புன்னகைத்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. நிரல் இங்கேயே இருக்கு, எழுதினவங்களும் இங்கேயே இருக்காங்க. ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க சார், ஓட்டிப் பாத்துடலாம்."

அதிகாரி தலையசைத்தார். மடிக்கணினியைச் சின்னவள் முன்னால் தள்ளினார்கள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று, இனி குடைகிறது என்று அழுது பயனில்லை. அவள் அக்கா மாதிரி எழுதப் பார்த்தாள். அக்காவின் அதட்டலைக் கேட்டே வளர்ந்தவள், அவளால் முடியாதா? 'எண்ணமோ' என்று தட்டினாள், மூன்று சுழியோடு. அடுத்த சொல் வரவில்லை. ஓர் உம் போடலாமா, ஆவது எங்கே வரும் என்று யோசித்தாள். யோசித்துப் போடுகிற பொடியை நிரல் நம்பாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டிய சொல்லை அழித்தாள்.

வேறு வழியில்லாமல் நடந்ததை எழுதினாள். அவள் கண்ணால் பார்த்ததை. வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெரியவர் அங்கே இருந்தார். அவருக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: மணி என்ன, வெளியே மழையா, கடிதம் வந்ததா. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு ஒரு மாத்திரை கொடுப்பார்கள். ஒரு நாள் அதையும் மீறி எழுந்து வந்துவிட்டார். சின்னவள்தான் அவரை நாற்காலியில் உட்கார வைத்து இடுப்பில் துணிப்பட்டியால் கட்டினாள், பின்னால் முடிச்சுப் போட்டாள். "அவிழ்த்து விடும்மா, நான் ஓட மாட்டேன்," என்றார். அவள் அவிழ்க்கவில்லை. சாயங்காலம் அவர் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்திருந்தார், கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார். வேலையை விட்டவர்களையும் எழுதச் சொன்னபோது இதை எழுத அவளுக்குத் தைரியம் வரவில்லை. இப்போது விரல் தானாக ஓடியது.

ஓர் இடத்தில் மட்டும் நின்றது. கட்டச் சொன்னது யார்? சொன்னது அக்கா. அந்தத் தளத்தில் அன்று பொறுப்பில் இருந்த நர்ஸ் அவள்தான். "கட்டுடி, வேற வழியில்ல, மேலேருந்து திட்டு வரும்," என்று காதோரம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சின்னவள் 'கட்டச் சொன்னார்கள்' என்று எழுதினாள். தமிழில் அது போதும். யார் என்று போடாமலே வாக்கியம் நிற்கும், மரியாதையாகவும் இருக்கும்.

மேடம் பக்கத்தை நிரலில் கொடுத்து ஓட்டினார். சுவரில் ஒரு புதுப் புள்ளி முளைத்தது. பதினேழுக்கு எதிர்ப்பக்கம், யாரோடும் சேராமல் தனியாக நின்றது.

"பொய்!" மேலாளரின் குரலில் முதல்தடவையாக மிருது போயிருந்தது. "இந்தப் பொண்ணு எழுதவே இல்ல. யாரையோ மறைக்குது!"

அதிகாரி அவர் பக்கம் திரும்பவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பக்கத்தை உதடு அசையப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"பொய்தான்," என்றார். "பதினேழு இந்தப் பொண்ணு எழுதினது இல்ல. அதை நிரல் என் கண் முன்னாலேயே கண்டுபிடிச்சிருச்சு. நிரலை எழுதினவளே ஏமாத்தப் பாத்தும் அது ஏமாறல. இதைவிட எனக்கு என்ன அத்தாட்சி வேணும்?"

"ஆனா மாதிரி மூணு..."

"ஒருத்தரா பலரான்னு கேக்கத்தான் நான் வந்தேன். யாருன்னு கேக்க இல்ல. பேர் வேண்டாம்னு சொல்லி வாங்கின வாக்குமூலம் அது." பிறகு சின்னவளைப் பார்த்தார். "இந்தப் பக்கத்துல இருக்கறது உண்மையா?"

"உண்மை சார்."

"பேர் போட்டுக் கொடுப்பியா? உன்னையும் சேத்துத்தான் கேள்வி வரும். கட்டினது நீ."

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் பக்கத்தின் அடியில் தன் முழுப் பெயரையும் தட்டினாள்.

"நாப்பத்தொண்ணு," என்றார் அதிகாரி, தாளில் குறித்துக்கொண்டே.

வெளியே நடைபாதையில் மேலாளர் அவளுக்காகக் காத்திருந்தார். குரல் பழையபடி மிருதுவாகியிருந்தது.

"நல்லா எழுதறேம்மா. ஒரு இடம்தான் குறையுது. 'கட்டச் சொன்னார்கள்'னு போட்டிருக்கே. யார் சொன்னாங்க? அடுத்த வாரம் சத்தியம் பண்ண வச்சு முதல்ல அதைத்தான் கேப்பாங்க. அன்னிக்கு டியூட்டியில இருந்தது யாருன்னு என்கிட்டயும் பதிவு இருக்கு." அவர் படியிறங்கிப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

சின்னவள் சுவரில் சாய்ந்தாள். எவ்வளவு பெரிய மடச்சி! யார் என்று சொல்லாத அந்த ஒரு வினைச்சொல்லை நம்பி, அக்காவை வாசற்படி வரைக்கும் தானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டாள். அக்காவைப் பிடிக்க இனி யாரும் பதினேழாவது புள்ளியைத் தேட வேண்டியதில்லை. செல்பேசியை எடுத்து அக்காவை அழைத்தாள்.

"அக்கா, பதினேழு யாருன்னு கேக்க மாட்டாங்க. நாப்பதும் நாப்பதாவே நிக்குது."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் போட்டதைச் சொன்னாள். வாத்தியாரைச் சொன்னாள். கட்டச் சொன்னார்கள் என்று எழுதியதையும், மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டதையும் அழுதுகொண்டே சொன்னாள். "நான் சொல்ல மாட்டேன்க்கா. சத்தியம் பண்ணச் சொன்னாலும், ஞாபகம் இல்லைன்னு சொல்லிடறேன்."

அந்தப் பக்கம் யாரோ "சிஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள், அக்கா பதில் சொல்லவில்லை.

"அதை நானும் எழுதலடி," என்றாள் கடைசியில். "மாத்திரையை எழுதினேன், ஆள் இல்லாததை எழுதினேன். அவரைக் கட்டச் சொன்னது நான்னு எழுதல. கை வரல."

"அக்கா, வேண்டாம்..."

"நீ பொய் சொல்லாதே. உனக்கு வரவும் வராது, இன்னிக்குத்தான் பாத்துட்டாங்களே." அக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அடுத்த வாரம் நானும் வரேன். யார் சொன்னாங்கன்னு கேட்டா நான் எழுந்திரிச்சு நிக்கறேன்."

"வேலை போயிடும்க்கா. உரிமமும் போயிடும்."

"தெரியும்." அக்காவின் குரல் மிகச் சின்னதாக வந்தது. "பயமாத்தான் இருக்கு. நீ சீக்கிரம் வீட்டுக்கு வா."